கணினிக் கேள்வி – பதில்: கூண்டின் எண் வேறு, கொடியின் எண் வேறு

இந்த மாதம் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பல, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமலேயே, ஒரே பொருளைப் பற்றியனவாக இருந்தன. ‘உண்டு, இல்லை’ என்று விடை சொல்லத்தக்க பல செய்திகளை ஒரே எண்ணுக்குள் அடுக்கி வைக்கும் ‘கொடி எனம்’, அதாவது பிட் ஃபிளாக் எனம், அந்தப் பொருள். எனம் என்பது பெயர்களுக்கு எண் கொடுத்து வைக்கும் பட்டியல்; பிட் என்பது இரும எண்ணில் 0 அல்லது 1 நிற்கும் ஓர் இடம். ஆகவே இம்முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர் விசைப்படகு உரிமையாளர்களுக்காக சி ஷார்ப்பில் ஒரு சிறு நிரல் எழுதுகிறேன். கடலுக்குப் புறப்படும் முன் படகில் என்னென்ன இருக்கின்றன என்று குறிப்பதற்காக ஒன்றுமில்லை, பதிவுச்சான்று, டீசல், ஐஸ், லைஃப்ஜாக்கெட், வயர்லெஸ் என ஓர் எனம் அமைத்து, அதன் தலையில் ஃபிளாக்ஸ் என்ற அட்ரிபியூட்டையும் (பண்புக் குறிப்பையும்) இட்டேன். பதிவுச் சான்றும் டீசலும் மட்டும் உள்ள படகைக் குறித்தால், திரையில் ‘ஐஸ்’ என்று வருகிறது. அட்ரிபியூட் இட்டும் ஏன் இப்படி?
– வாசகர், மண்டபம்

பதில்: பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறீர்கள், சி ஷார்ப் அதை அனுமதிக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் சிக்கல் பெயரில் இல்லை, பெயருக்குப் பின்னால் நிற்கும் எண்ணில் இருக்கிறது. எனத்தில் நீங்கள் எண்களைக் குறிப்பிடாவிட்டால் கம்பைலர் 0, 1, 2, 3 என்று வரிசையாகத்தான் கொடுக்கும். ஃபிளாக்ஸ் அட்ரிபியூட் அந்த எண்களைத் தொடுவதே இல்லை. மதிப்பை எழுத்தாக மாற்றிக் காட்டும்போது பல பெயர்களைக் காற்புள்ளியிட்டுக் காட்டலாம் என்று அது அறிவிக்கிறது, அவ்வளவுதான். ஆகவே உங்கள் நிரலில் பதிவுச்சான்று 1, டீசல் 2, ஐஸ் 3. முதல் இரண்டையும் | குறியால் (ஒன்றிலாவது 1 உள்ள பிட்டை 1 ஆக்குவது அது) சேர்த்தால் கிடைப்பது 3. கணினி அதை ஐஸ் என்று படித்ததில் அதன் பிழை எதுவும் இல்லை.

ஒவ்வொன்றுக்கும் இரட்டித்துக்கொண்டே போகும் எண்ணை ஏன் கொடுக்க வேண்டும் என்பதற்கு நம் வீட்டுப் பழைய அளவுகளே விளக்கம் தரும். 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 நாழி. ஆழாக்கை 1 என்று கொண்டால் உழக்கு 2, உரி 4, நாழி 8. ஒவ்வொரு அளவையையும் ஒரு முறைக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டால், 1 முதல் 15 ஆழாக்கு வரை எந்த அளவையும் இந்த நான்கினால் அளந்துவிடலாம். ஒவ்வோர் அளவுக்கும் ஒரே ஒரு வழிதான் இருக்கும். 11 ஆழாக்கு அரிசி என்றால் நாழி, உழக்கு, ஆழாக்கு. அதில் உரி வரவே வராது. எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் எந்தெந்த அளவைகள் கைக்கு வந்தன என்று சொல்லிவிட முடிகிறதல்லவா? கொடி எனம் முழுவதும் இந்த ஒரு குணத்தின் மேல்தான் நிற்கிறது. 3 ஆழாக்கு கொள்ளும் ஒரு பாத்திரத்தை இடையில் நுழைத்தால் அந்தக் குணம் போய்விடும்; உங்கள் ஐஸ் அந்தப் பாத்திரமாகிவிட்டது.

ஆகவே எனத்தை இவ்வாறு எழுதுங்கள்:

ஒன்றுமில்லை = 0,
பதிவுச்சான்று = 1 << 0,
டீசல் = 1 << 1,
ஐஸ் = 1 << 2,
லைஃப்ஜாக்கெட் = 1 << 3,
வயர்லெஸ் = 1 << 4

1, 2, 4, 8, 16 என்று நேராகவும் எழுதலாம். ஆனால் << குறியுடன் (1-ஐ இத்தனை இடம் இடப்பக்கம் நகர்த்து என்பது அதன் பொருள்) எழுதினால் எத்தனையாவது பிட் என்பது கண்ணுக்குத் தெரிகிறது, பட்டியல் நீளும்போது 2048-க்குப் பிறகு என்ன என்று மனக்கணக்குப் போட்டுத் தவறவும் வேண்டியதில்லை. இனி பதிவுச் சான்று, டீசல், வயர்லெஸ் ஆகியவை உள்ள படகின் எண் 1 + 2 + 16, அதாவது 19. இரும எண்ணில் 10011.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் வரும் தவறு திரையோடு நின்றுவிடாது. கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கனைக் கொடுக்கும் முன் பதிவுச் சான்று, லைஃப் ஜாக்கெட், வயர்லெஸ் மூன்றும் இருக்கின்றனவா என்று நிரல் பார்க்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தேவையின் எண் 1 + 8 + 16 = 25. பலர் ‘படகு & தேவை’ என்பது 0 இல்லையென்றால் சரி என்று எழுதிவிடுகிறார்கள். நம்முடைய 19-ஆம் எண் படகை அதில் இட்டுப் பாருங்கள்: 10011-ஐயும் 11001-ஐயும் & குறியால் சேர்த்தால், இரண்டிலும் 1 உள்ள இடங்களில் மட்டும் 1 தங்கி, 10001, அதாவது 17. அது 0 இல்லை. நிரல் ‘போகலாம்’ என்று சொல்லிவிடும். அந்தப் படகில் ஒரு லைஃப் ஜாக்கெட்கூட இல்லை. 0 இல்லை என்ற சோதனை ‘ஏதேனும் ஒன்றாவது இருக்கிறதா’ என்ற கேள்விக்கு விடை; ‘எல்லாம் இருக்கின்றனவா’ என்று கேட்பதற்கு (படகு & தேவை) == தேவை என்றுதான் எழுத வேண்டும். சி ஷார்ப்பின் தளமான டாட்நெட்டில் உள்ள ஹேஸ்ஃபிளாக் என்ற செயல்கூறு இந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்கிறது. எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதை நிரலில் ஒரு வரி குறிப்பாகவும் எழுதி வையுங்கள். அடுத்து அந்த நிரலைத் தொடுபவர் அதை ‘எளிமையாக்கி’ விடாமல் இருக்கட்டும்.

கேள்வி: பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணையும் கொடி எனமாகவே வைக்கலாமா? 1, 2, 4, 8 என்று கொடுத்தால் 11 எண்களும் 11 பிட்டுகளில் அடங்கிவிடுமே.
– வாசகி, பாம்பன்

பதில்: வைக்கக் கூடாது. 3-ஆம் எண் கூண்டு என்பது 1-ஆம் எண்ணும் 2-ஆம் எண்ணும் சேர்ந்தது அன்று. கடலில் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருப்பதை 1 சொல்கிறது. துறைமுகத்தைப் பலத்த காற்று தாக்கக்கூடும் என்பதை 3 சொல்கிறது. கம்பத்தில் ஒரு நேரத்தில் ஏறுவது ஓர் எண். கொடி எனமாக வைத்தால், 3-ஆம் எண்ணும் 10-ஆம் எண்ணும் ஒரே நேரத்தில் ஏறியிருப்பதாக ஒரு மதிப்பை நிரல் எந்தத் தடையும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். நடக்க முடியாத ஒன்றைச் சொல்ல இடம் கொடுத்துவிட்டு, பிறகு அது வராமல் காவல் காக்க வேண்டியிருக்கும். எனவே கூண்டுக்கு 0 முதல் 11 வரையிலான சாதாரண எனமே ஏற்றது. எனம் எழுத உட்காரும்போது பிட்டுகளைப் பற்றி நினைப்பதற்கு முன் ‘இவற்றில் இரண்டு சேர்ந்து இருக்க முடியுமா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். படகில் டீசலும் ஐஸும் சேர்ந்து இருக்கும். கம்பத்தில் இரண்டு கூண்டு எண்கள் சேர்ந்து இருக்க முடியாது.

இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடக்கியே ஆக வேண்டும் என்றால், கூண்டுக்கு 4 பிட் ஒதுக்கினால் போதும். 12 மதிப்புகளுக்கு அது தாராளம். மீதிப் பிட்டுகளைக் கொடிகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் ஊரில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய 3 நாட்களும், நாட்டுப்படகுகள் மற்ற 4 நாட்களும் கடலுக்குப் போகின்றன. பைத்தானில் ஞாயிறு 1, திங்கள் 2 என்று தொடங்கிச் சனி 64 வரை சாதாரண எண்களாக வைத்து, நாட்களைச் சேர்க்க + குறியும் நீக்க – குறியும் பயன்படுத்துகிறேன். சில நேரங்களில் வியாழக்கிழமை தானாக முளைக்கிறது. மேலும், மீன்பிடித் தடைக்காலத்துக்கு 0 வைத்தேன். ‘0 இருக்கிறதா’ என்று சோதித்தால் ஆண்டு முழுவதும் ‘ஆம்’ என்றே வருகிறது.
– வாசகர், ராமேஸ்வரம்

பதில்: உங்கள் விசைப்படகு நாட்களின் எண் 2 + 8 + 64 = 74. ஏற்கெனவே உள்ள புதனை யாரோ மறுபடியும் சேர்த்திருக்கிறார்கள். 74 + 8 = 82; அதைப் பிரித்தால் 64, 16, 2. புதன் போய் வியாழன் வந்துவிட்டது. கூட்டலில் கை மாறும் அல்லவா, அந்தக் கை மாறிய 1 பக்கத்துப் பிட்டில் போய் அமர்ந்துகொள்கிறது. இதுவே சனியாக இருந்தால் 74 + 64 = 138; சனியின் பிட் அணைந்து, வாரத்தில் இல்லாத எட்டாவது நாளுக்கான பிட் எரியும். அதையாவது கண்டுபிடித்துவிடலாம், 82 பார்ப்பதற்கு நல்ல எண்ணாகவே இருக்கிறது, எந்தச் சோதனையிலும் அகப்படாது. | குறியால் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை: 74 | 8 எத்தனை முறை செய்தாலும் 74 தான். கழித்தலுக்கும் இதே கதி. இல்லாத நாளைக் கழித்தால் கடன் வாங்கப் பக்கத்துப் பிட்டைக் கலைக்கும். நீக்குவதற்கு நாட்கள் & ~நாள் என்று எழுதுங்கள்; ~ குறி எல்லாப் பிட்டுகளையும் தலைகீழாக்கும்.

^ குறியால் நீக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது இருப்பதை அணைக்கும், இல்லாததை ஏற்றும். பல ஆண்டுகளுக்கு முன், கரையில் உள்ள ஓர் ஐஸ் கம்பெனிக் கணக்குக்கு நான் எழுதிய நிரலில், பணம் வந்ததும் ‘பாக்கி’ என்ற கொடியை இறக்க ^ குறியைத்தான் பயன்படுத்தியிருந்தேன். கணக்கர் அவசரத்தில் பொத்தானை இரு முறை அழுத்தியபோது, முழுப் பணமும் கட்டிவிட்ட படகுக்காரரின் பெயரில் மறுபடி பாக்கி ஏறிவிட்டது. அவர் ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது இன்றும் என் கண்ணில் இருக்கிறது. கொடியை மாற்றி மாற்றிப் போடுவதே நோக்கமாக உள்ள இடத்தில் மட்டும்தான் இப்போது நான் ^ குறியைத் தொடுகிறேன்.

நாட்டுப்படகு நாட்களை எடுக்க 74-ஐத் தலைகீழாக்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் பைத்தானில் ~74 என்பது –75. எதிர்மறை எண்ணின் மேல்பிட்டுகள் முடிவில்லாமல் எரிந்துகொண்டே போவதாகக் கொள்ளப்படும். வாரத்தின் 7 பிட்டுகளுக்கு உரிய 127-ஐ வைத்து வடிகட்ட வேண்டும்: ~74 & 127 = 53. பிரித்துப் பாருங்கள்: 32, 16, 4, 1, அதாவது வெள்ளி, வியாழன், செவ்வாய், ஞாயிறு. சாதாரண எண்களை விட்டுவிட்டு, பைத்தான் 3.6-இல் வந்த ஃபிளாக் வகைக்கு மாறிவிட்டால் இந்த வடிகட்டலை அதுவே செய்துவிடும். + குறியிட்டால் பிழை என்று உடனே நிறுத்தியும் விடும். ஆட்டோ என்று எழுதினால் 1, 2, 4 என்ற எண்களையும் தானே கொடுக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்துக்கு 0 வைத்தது சரியே. சோதனைதான் தவறு. எந்த எண்ணையும் 0-உடன் & செய்தால் 0; அது நீங்கள் கேட்ட 0-க்குச் சமம்; ஆகவே விடை எப்போதும் ‘ஆம்’. மண்டபம் வாசகர் ‘ஒன்றுமில்லை’ என்பதை ஹேஸ்ஃபிளாக் வைத்துக் கேட்டாலும் இதேதான் நடக்கும். 0 என்பது ஒரு கொடி அன்று, எந்தக் கொடியும் ஏறாத கம்பம். அதை நாட்கள் == 0 என்று நேராக ஒப்பிட்டே கேட்க வேண்டும்.

கேள்வி: சி மொழியில் பதிவுச் சான்றுக்கு 1, ஐஸுக்கு 4 என வைத்து, ‘படகு & 4 == 4’ என்று எழுதினேன். ஐஸ் இல்லாத படகுக்கும் ‘உண்டு’ என்று வருகிறது. & குறியும் 4-உம் சரியாகத்தானே இருக்கின்றன?
– கல்லூரி மாணவி, கீழக்கரை

பதில்: சரியாகத்தான் இருக்கின்றன, விடுபட்டது அடைப்புக்குறி. சி மொழியில் & குறியைவிட == குறிக்கு முன்னுரிமை அதிகம். எனவே முதலில் 4 == 4 கணக்கிடப்பட்டு 1 என்று ஆகிறது; பிறகு ‘படகு & 1’ பார்க்கப்படுகிறது. நீங்கள் ஐஸைக் கேட்டதாக நினைத்தீர்கள்; நிரல் பதிவுச் சான்றைக் கேட்டது. (படகு & 4) == 4 என்று எழுதுங்கள்.

இந்த வரிசை ஏன் இப்படி அமைந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு; அதை மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியே விளக்கியிருக்கிறார். சி-க்கு முன்னோடியான பி மொழியில் && குறியும் || குறியும் இல்லை; & குறிதான் நிபந்தனைகளை இணைக்கும் வேலையையும் செய்தது. ‘இது சமம், அது சமம்’ என்ற இரண்டு ஒப்பீடுகளை & குறியால் இணைக்கும்போது ஒப்பீடு முதலில் நடப்பதே பொருத்தம். பின்னர் சி மொழியில் && குறி தனியாக வந்தபோது, & குறியை மேலே ஏற்றினால் அதுவரை எழுதப்பட்ட நிரல்கள் கெட்டுவிடுமே என்று பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்கள். ஜாவாவும் சி ஷார்ப்பும் இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டாலும், எண்ணையும் உண்மை–பொய் மதிப்பையும் & குறியால் சேர்க்க அவற்றின் கம்பைலர்கள் மறுத்துவிடுவதால் தவறு உடனே தெரிந்துவிடும். பைத்தானில் & குறிக்கே முன்னுரிமை அதிகம். மொழி எதுவானாலும் அடைப்புக்குறியை இடும் பழக்கத்தை விடாதீர்கள். ஒரு மொழியில் எழுதிய வரியை இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லும்போது அது காப்பாற்றும்.

கேள்வி: கொடி எண்களை இரண்டு ஆண்டுகளாகத் தரவுத்தளத்தில் சேமித்து வருகிறோம். 8 என்ற கொடி இனித் தேவையில்லை. அதை எடுத்துவிட்டு மற்றவற்றைக் கீழே இறக்கலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: கூடாது. சேமித்த எண்களுக்குப் பெயர் தெரியாது. பிட்டின் இடம் மட்டுமே தெரியும். 16-ஐ 8 ஆக இறக்கினால் பழைய பதிவுகள் அனைத்தும் பொருள் மாறிவிடும். 8-ஐப் புதிய கொடிக்கும் கொடுக்காமல் வெறுமையாக விட்டுவிடுங்கள். டாட்நெட்டில் கோப்புகளின் பண்புகளைக் குறிக்கும் எனத்தைப் பாருங்கள்: படிக்க மட்டும் 1, மறைந்தது 2, சிஸ்டம் 4, அடுத்தது அடைவு, அதன் எண் 16. இடையில் 8 இல்லை. பழைய டாஸ் இயங்குதளக் காலத்தில் வட்டின் பெயரைக் குறித்த பிட் அது; இன்றும் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

புதிய கொடிகளை மேலே மேலே சேர்த்துக்கொண்டு போகலாம். கொடிகளின் எண்ணிக்கை 32-ஐத் தாண்டினால், எனத்தின் அடிப்படை வகையை 64 பிட் கொண்ட லாங் என்று மாற்றினால் மட்டும் போதாது. << குறிக்கு இடப்பக்கம் உள்ள 1-உம் லாங் வகையாக இருக்க வேண்டும். இல்லையேல் சி ஷார்ப்பிலும் ஜாவாவிலும் 1 << 40 என்பது 1 << 8 ஆகச் சுருங்கி 256 என்று நிற்கும். ஜாவாவில் எழுதுபவராக இருந்தால், நிரலுக்குள் எனம்செட் வகையையே பயன்படுத்துங்கள். 64 உறுப்புகள் வரை உள்ளுக்குள் அதுவும் ஒரே லாங் எண்ணில் பிட்டுகளாகத்தான் வைத்துக்கொள்கிறது, பிட் கணக்கை நம் தலையில் ஏற்றுவதில்லை.

மீண்டும் மண்டபம் வாசகர், அதே கடிதத்தின் அடியில்: ‘தவறான எண்களுடன் பல படகுகளின் விவரத்தை ஏற்கெனவே சேமித்துவிட்டேன். புதிய எண்களுக்கு நிரலாலேயே மாற்ற முடியுமா?’

பதில்: ஒரு பகுதியை மட்டும் மாற்றலாம். உங்கள் பழைய எண்களில் 0, 1, 2, 4, 6 ஆகியவற்றுக்கு ஒரே பொருள்தான் உண்டு: 1 பதிவுச் சான்று மட்டும், 2 டீசல் மட்டும், 4 லைஃப் ஜாக்கெட் மட்டும், 6 டீசலும் லைஃப் ஜாக்கெட்டும். இவற்றில் 4-ஐ 8 ஆகவும், 6-ஐ 10 ஆகவும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விடுங்கள். 3, 5, 7 ஆகியவற்றை எந்த நிரலாலும் பிரிக்க முடியாது. எல்லாப் பொருளும் உள்ள படகும் 7. ஐஸும் வயர்லெஸ்ஸும் இல்லாமல் மற்ற மூன்றும் மட்டும் உள்ள படகும் 7. 5 என்றிருப்பது வயர்லெஸ் மட்டுமாகவும் இருக்கலாம், பதிவுச் சான்றும் லைஃப் ஜாக்கெட்டுமாகவும் இருக்கலாம். 3 என்றுள்ள படகில் ஐஸ் இருக்கிறதா என்று தெரியாது. லைஃப் ஜாக்கெட்டும் வயர்லெஸ்ஸும் குறிக்கப்படவில்லை என்பது மட்டும் உறுதி. இந்த மூன்று எண்களில் ஏதேனும் ஒன்று உள்ள படகுகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு, அடுத்த டோக்கன் நாளுக்கு முன் இறங்குதளத்துக்குப் போய், ஒவ்வொரு படகிலும் ஏறிப் பார்த்து மறுபடியும் குறியுங்கள். 5-லும் 7-லும் தொடங்குங்கள்; லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்பதே ஐயமாக உள்ள எண்கள் அவை.